எடைமேடை அக்காவின் ஈரல்

லாரிக்காரர்கள் எல்லாருக்கும் அவள் எடைமேடை அக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி, யாரையோ என்று திரும்பிப் பார்ப்பாள். இருபத்தோரு வருஷமாக ஆறடிக்கு எட்டடி அறை ஒன்றில் உட்கார்ந்து, கல் குவாரிக்குப் போய்வரும் வண்டிகளை எடை போடுகிறவள். ஜன்னலுக்கு வெளியே பதினாறு மீட்டர் நீளத்தில் இரும்பு மேடை. வண்டி காலியாகப் போகும்போது ஒரு தடவை அதில் ஏறும், ஜல்லியோடு திரும்பும்போது இன்னொரு தடவை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. தொழில் என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்குள் மனிதர்கள் பண்ணுகிற தில்லுமுல்லு இருக்கிறதே, அதைச் சொல்ல உட்கார்ந்தால் ஒரு நாள் போதாது.

காலி எடை போடும்போது சீட்டுக்கு அடியில் பாறாங்கல்லை ஒளித்து வைப்பார்கள். தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பிக்கொண்டு வந்து, அந்தப் பக்கம் போனதும் திறந்து விடுவார்கள். பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நாலு விரற்கடை நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பீடி பற்றவைப்பார்கள். எல்லாரும் அவளிடம் மாட்டிக்கொள்வார்கள். "நீ என்ன வித்தை வேணா காட்டு. எடையில தெரியாத கோளாறு ஒண்ணு உலகத்துல கிடையாது" என்பாள். இது அவளுக்கு வேதம். இந்த வேதம்தான் பின்னால் அவளைக் குப்புறத் தள்ளியது.

அவள் ஒல்லி. நாற்பத்து நாலு வயதில் ஐம்பத்து நாலு கிலோ. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இன்னும் சேரும் என்பதில் ஏகப் பெருமை. பம்பு மெக்கானிக்கான வீட்டுக்காரருக்கு வயிறு முன்னால் வந்து ஆள் பின்னால் வருவார்; அவரைக் கிண்டல் செய்யாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஒல்லியாக இருக்கிறவளுக்கு எதைத் தின்றால் என்ன? காலையிலிருந்து மாலை வரை ஆறு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டிச் சர்க்கரை. டிரைவர்கள் வாங்கி வரும் கிரீம் பன், மேசை இழுப்பறையில் பிஸ்கட். எழுந்திருக்க வேலையில்லை, எல்லாம் ஜன்னல் வழியாகக் கைநீட்டினால் முடிந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தம்பிக்கு ஈரல் கெட்டது.

தம்பி அவளைவிட ஏழு வயது சின்னவன். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும், அப்படி ஒரு கைச்சுத்தம். அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தது இவள்தான். அவன் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய காவலே ஆள் தெரியாமல் அவன் ஈரலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நோய் இருக்கிறதாம். இருந்தும், ஈரல் கெட்டது என்றதும் அக்கம்பக்கம் ஒரு மாதிரி சிரித்தது. "நல்லா ஊத்தியிருப்பான்" என்று சொன்ன ஒருவரை இவள் நடுத்தெருவில் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

கண் மஞ்சளாகி, வயிறு நீர் கோத்து, கைகால் குச்சியாகிப்போன தம்பியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் விஷயத்தைச் சொன்னார். இனி வேறு ஈரல் வைத்தால்தான் உண்டு. இறந்தவர்களுடையது கிடைக்க வரிசை நீளம். உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தன்னுடையதில் பாதிக்குமேல் வெட்டிக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும்.

"வளந்துருமா? அது என்ன டாக்டர், நகமா?" என்று கேட்டாள் அக்கா.

"நகத்தைவிட வேகமா வளரும்மா. மூணு மாசத்துல கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துரும்."

அவள் வாயைத் திறந்தபடி தன் வலது விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நாற்பத்து நாலு வருஷம் இப்படி ஒரு ஆளை உள்ளே குடிவைத்திருந்தும் அதன் சாமர்த்தியம் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தாள்.

தம்பி பெண்டாட்டியின் ரத்தம் சேரவில்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. அக்காவின் ரத்தம் சேர்ந்தது. அவளைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அவள் ஜம்மென்று போய் ஜம்மென்று வந்தாள். மறுநாள் பெரிய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "முடியாதும்மா" என்றார்.

"உங்க ஈரல்ல இருபத்து ரெண்டு சதவீதம் கொழுப்பு. இதை வெட்டி வெச்சா அவருக்கும் ஒழுங்கா வேலை செய்யாது, மிச்சத்தை வெச்சுக்கிட்டு நீங்களும் சிரமப்படுவீங்க. பத்துக்குள்ள வரணும். மூணு மாசம் பாக்கலாம். அதுக்கு மேல உங்க தம்பி தாங்க மாட்டாரு."

"ரிப்போர்ட்டு மாறிப் போயிருக்கும் டாக்டர். தொப்பை இவருக்கு, கொழுப்பு எனக்கா?" என்று வீட்டுக்காரரைக் காட்டினாள். அவர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் இருபது வருஷமாச் சொல்றேன், யாரு நம்புனா?" என்றார். வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அக்கா போகவில்லை. கொழுப்பைக் குறைப்பது என்றால் எடையைக் குறைப்பது, எடையைப் பற்றித் தனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டுமா என்ன என்று நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் மேடையில் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, ஓடிப்போய் அதன்மேல் நின்று, ஓடிவந்து திரையைப் பார்த்தாள். அது பூஜ்யம் காட்டியது. அவள்தான் இறங்கி வந்துவிட்டாளே. ஜல்லி லாரி ஓட்டும் மீசைக்கார டிரைவரை உள்ளே நிறுத்திப் பார்க்கச் சொன்னாள். ஐம்பது என்றார் மீசை. அந்த மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. வெட்கத்தோடு வீட்டுக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினாள்.

பிறகு பட்டினி கிடந்தாள். காலையில் ஒன்றும் கிடையாது. மதியம் இரண்டு பிஸ்கட். தலை சுற்றினால் பாட்டில் பழரசம். பழம்தானே, அது நல்லதுதானே. டீயை மட்டும் விட முடியவில்லை. முட்டை, பருப்பு, மீன் எல்லாம் "வெயிட்டு போடும்" என்று தள்ளி வைத்தாள். முள் நாளுக்கு நாள் இறங்கியது. ஐம்பத்து மூன்று, ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது. ஒரு மாதத்தில் நாற்பத்தெட்டு. ஆறு கிலோ! முடி கொத்தாக உதிர்ந்தது, படி ஏறினால் முழங்கால் நடுங்கியது. அதையெல்லாம் அவள் சட்டை செய்யவில்லை. கணக்கு சரியாக இறங்கிக்கொண்டிருக்கும்போது வண்டி எப்படி இருந்தால் என்ன?

மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். இருபது சதவீதம்.

அன்றைக்கு அவளை உணவு ஆலோசகர் அறைக்குள் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போனார் வீட்டுக்காரர். ஆலோசகர் ஒரு குள்ளமான அம்மாள், ரயில் மாதிரி கடகடவென்று பேசுகிறவர். அக்கா சாப்பிட்டதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

"ஆறு கிலோ போச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களே, அதுல பாதிக்கு மேல உங்க தசை. கொழுப்பு அங்கேயே குந்தியிருக்கு. நீங்க உள்ள போட்டது முழுக்கச் சர்க்கரை. அந்தச் சர்க்கரையை எரிக்கற இடமே தசைதான். அடுப்பையெல்லாம் உடைச்சுப் போட்டுட்டு விறகை மட்டும் கொண்டுவந்து கொட்டுனா என்ன ஆகும்? வர்ற விறகை ஈரல் கொழுப்பா மாத்தித் தன்கிட்டயே அடுக்கிக்கும். அது பாவம், அதுக்கு வேற வழி தெரியாது."

"எடை குறைஞ்சா எல்லாம் குறையும்னு..."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள்.

"முப்பது டன் வண்டி ஒண்ணு வருது. உள்ள இருக்கறது ஜல்லியா மண்ணான்னு உங்க மேடை சொல்லுமா?"

தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பது அவள் வேலை இல்லை. இருபத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை. எடையில் தெரியாத கோளாறு இல்லை என்று ஊரார் காதெல்லாம் கிழியச் சொன்னவள், தம்பிக்கு இருந்த மூன்று மாதத்தில் ஒரு மாதத்தை அந்தப் பேச்சை நம்பித் தொலைத்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றபடியே வந்தார்.

ஆனால் அந்த அம்மாள் கடைசியாகச் சொன்ன ஒரு விஷயம் அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. உடம்பு கோடானுகோடி சின்ன அறைகளால் ஆனதாம். தசையின் ஒவ்வொரு அறைக்குள்ளும் நூற்றுக்கணக்கில் அடுப்புகள் எரிகின்றனவாம். நடந்தால், தூக்கினால், தசை தன் கதவைத் தானே திறந்து ரத்தத்தில் காத்து நிற்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். தினமும் வேலை கொடுத்தால் உள்ளே புது அடுப்பு கட்டிக்கொள்ளுமாம். "இந்த வயசுலயா?" என்று கேட்டாள். "எந்த வயசுலயும். கேக்கறதுதான் பாக்கி. கேட்டா கட்டிக்கும்" என்றார் அம்மாள்.

மறுநாளிலிருந்து அக்கா கேட்க ஆரம்பித்தாள்.

சர்க்கரை, பன், பிஸ்கட், பழரசம் அன்றோடு சரி. வேளைக்குச் சோறு பாதி, மீதித் தட்டில் காய், இரண்டு முட்டையோ மீனோ பருப்போ. வயிறு நிறையச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த கையோடு பதினைந்து நிமிஷம் நடை. எங்கே நடப்பது? கண்ணெதிரே பதினாறு மீட்டர் மேடை கிடக்கிறது. வண்டி இறங்கினதும் இவள் ஏறுவாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அங்கிருந்து இங்கே. அடுத்த வண்டி வந்தால் உள்ளே ஓடுவாள்.

"என்னக்கா, கம்மலைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார் மீசை.

சொன்னாள். எல்லாவற்றையும், பட்டினி கிடந்த முட்டாள்தனம் உள்பட, சொன்னாள். மீசை கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் குவாரி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாளிலிருந்து ஒரு டிரைவர்கூட ஜன்னலில் ரசீது வாங்க வரவில்லை. எடை போட்டதும் வண்டியை நூறு அடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "அக்கா, கொண்டாங்க!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினார்கள். ஒரு நாளைக்கு எழுபது வண்டி. எழுபது தடவை அவள் நடந்தாள். முதல் இரண்டு நாள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர்கள் இன்னும் பத்தடி தள்ளி நிறுத்தினார்கள்.

மேடையைச் சரிபார்க்க வைத்திருக்கும் இரும்பு எடைக்கற்கள் அறை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. ஐந்து கிலோக் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழகினாள். முதல் நாள் நாலு தடவை. ஐந்தாவது தடவைக்குக் கால் வரவில்லை. மூன்றாம் வாரத்தில் பத்துக் கிலோக் கல். அந்த வாரம்தான் அவளுக்கு முதன்முதலாக ஒன்று தட்டுப்பட்டது. வழக்கமாக மதியம் மூன்று மணிக்குக் கண்ணைச் செருகிக்கொண்டு வரும் தூக்கம் வரவில்லை. மணி நாலாயிற்று, ஐந்தாயிற்று, வரவே இல்லை. அறைக்குள் விளக்கைக் கூட்டி வைத்த மாதிரி இருந்தது. படி ஏறினால் முழங்கால் நடுங்கவில்லை. அவள் தன் தொடையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே யாரோ வேலை செய்கிறார்கள். யார் என்று தெரியாது, எத்தனை பேர் என்று தெரியாது, கூலி கேட்கவில்லை, ஓசை இல்லை. இருபது வருஷம் அவர்களுக்கு இவள் செய்ததெல்லாம் அநியாயம்தான். ஆனாலும் மூன்று வாரம் மரியாதையாக நடந்துகொண்டதும் பழசையெல்லாம் மறந்துவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மனிதர்களில் இப்படி யாரையும் அவள் பார்த்ததில்லை.

நடுவில் தம்பியைப் பார்க்கப் போனாள். இரண்டு அடி எடுத்து வைத்தால் மூச்சு வாங்கியது அவனுக்கு.

"விட்டுரு அக்கா. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் இருந்து என்ன பண்ண?"

"மூடிக்கிட்டுப் படு. உனக்குக் குடுக்கப் போறதுக்கு இப்பதான் வெள்ளையடிச்சு வெச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் சின்னத் தராசில் ஏறினாள். நாற்பத்தொன்பதரை. எடை கூடியிருந்தது. பயத்தோடு ஆலோசகருக்குப் போன் போட்டாள். "அந்தத் தராசைத் தூக்கிப் பரண்ல போடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வைத்துவிட்டார். எடையை நம்பாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பாடு என்பது எடை போட்டுப் பிழைக்கிறவர்களுக்குத்தான் புரியும். இருந்தாலும் தராசைப் பரணில் போட்டாள்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஸ்கேன். எடுக்கிற பெண் திரையைப் பார்த்தாள், பழைய படத்தைத் திறந்தாள், திரும்பவும் புதுசைப் பார்த்தாள்.

"இது மூணு மாசம் முன்னாடி. கொழுப்பு இருக்கற இடமெல்லாம் வெள்ளையாத் தெரியுது பாருங்க. இது இன்னைக்கு."

வெள்ளையைக் காணோம்.

"இது வேற யாரோடதும் இல்லையே?"

"உங்களோடதுதாங்க. ஏழு சதவீதம்."

அக்கா அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எத்தனை வருஷத்துக் குப்பை. டீயும் பன்னுமாக அவள் கைநீட்டி வாங்கி வாங்கிப் போட்டது. அதை இரண்டே மாதத்தில் யாரும் பார்க்காத இடத்தில் கூட்டிப் பெருக்கி எரித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறது இந்த உடம்பு. கோபுரம் கட்டியவன்கூடத் தன் பேரைக் கல்லில் வெட்டிக்கொள்கிறான். இது மூச்சு விடவில்லை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து நிற்கத் தோன்றி எழுந்து நின்றாள்.

எட்டாம் நாள் காலை அக்காவையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குள் கொண்டுபோனார்கள். அவளுடைய ஈரலில் நூற்றுக்கு அறுபது பங்கை வெட்டி எடுத்துப் பனிக்கட்டித் தண்ணீரில் கழுவி அவனுக்கு வைத்துத் தைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பெரிய டாக்டர் அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவர் உட்காருகிற ஆள் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. கழுவி எடுத்தப்போ அந்தத் துண்டு வெளுத்துப்போய்க் கிடந்துச்சு, சில்லுனு. தச்சு முடிச்சு, ரத்தத்தைத் திறந்து விட்டோம். ஒரு நிமிஷத்துல செவந்துச்சு. கொஞ்ச நேரம் போச்சு. அப்புறம் குழாய் நுனியில ஒரு சொட்டு பித்தநீர் வந்து நின்னுச்சு. மஞ்சளா, பொன்னு மாதிரி. அதாவது வேலையை ஆரம்பிச்சிருச்சு. நானூறு தடவைக்கு மேல பாத்தாச்சு, இருந்தாலும் அந்தச் சொட்டு வர்ற நேரத்துல யாரும் பேச மாட்டோம்."

"யாரு டாக்டர் அதுக்கு வேலை செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தையல் இழுத்ததால் பெரிதாக அழவும் முடியவில்லை. கண்ணீர் மட்டும் காதுக்குள் இறங்கியது. சிரமப்பட்டுக் கையைத் தூக்கி டாக்டரைக் கும்பிட்டாள். அவர் பதறி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அவர் போன பிறகு நர்ஸ் போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள். அடுத்த வார்டிலிருந்து தம்பி. குரல் நூல் மாதிரிதான் இருந்தது. நல்லா இருக்கியா என்று கேட்பான், அழுவான், கும்பிடுவான், நம்மையும் அழ வைப்பான் என்று அவள் மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றரை வருஷமாக எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பியவன் அவன். ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம் கெஞ்ச வைத்தவன்.

"அக்கா" என்றான். "எனக்குப் பசிக்குது."